வயலில் போட்ட களைக்கொல்லி குட்டை மீனை என்ன செய்யும்?

கேள்வி இதுதான்: "நடவு முடிந்த மூன்றாம் நாள் பியூட்டாக்குளோரை மணலில் கலந்து தூவினோம். மறுநாள் இரவு நல்ல மழை. வயலின் வடிகால் எங்கள் மீன் குட்டையில்தான் விழுகிறது. இரண்டு நாள் கழித்துக் குஞ்சுகள் மிதந்தன. மருந்துக் கடைக்காரரோ, 'அது செடியைக் கொல்லும் மருந்து, மீனை ஒன்றும் செய்யாது, பாட்டிலில் நீல முக்கோணம்தானே போட்டிருக்கிறது' என்கிறார். அவர் சொல்வது உண்மையா? மிச்சமிருக்கும் மீனைச் சாப்பிடலாமா?"

கடைக்காரர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான களைக்கொல்லிகள் செடிகளிடம் மட்டுமே உள்ள ஏதோ ஒன்றைக் குறிவைக்கின்றன. அட்ரசினும் டையூரானும் ஒளிச்சேர்க்கையை முடக்குகின்றன. கிளைபோசேட் தடுக்கும் வேதிவினை விலங்குகளின் உடலிலேயே இல்லை. பிஸ்பைரிபாக் சோடியம் முடக்கும் நொதியும் அப்படித்தான். ஆகவே குறிவைத்த இடம் மீனில் கிடையாது என்பது சரி. ஆனால் ஒரு வேதிப்பொருள் தன் குறியை மட்டும் தொட்டுவிட்டு நின்றுவிடுவதில்லை. பியூட்டாக்குளோர், பிரிட்டிலாக்குளோர் வகை மருந்துகள் உயிரணுக்களில் உள்ள கந்தகம் சேர்ந்த மூலக்கூறுகளோடு எளிதில் வினைபுரிபவை; அந்த மூலக்கூறுகள் புல்லிலும் உண்டு, கெண்டையிலும் உண்டு. பாராகுவாட் எந்த உயிரணுவுக்குள் போனாலும் அங்கே ஆக்சிஜனைக் கெடுத்து நச்சாக்கிவிடும்.

முக்கோண விஷயத்தில் அவர் முழுக்கத் தவறு. பாட்டிலில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் எலி போன்ற பாலூட்டிகளுக்கு அந்த மருந்து எவ்வளவு நஞ்சு என்பதை வைத்துத் தரப்படுபவை. அடிக்கிற ஆளுக்கு என்ன ஆபத்து என்று அவை ஓரளவு சொல்லும். மீனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. நீரில் வாழும் உயிரினங்களுக்குத் தனியாக ஒரு குறியீடு போடாதது நம் சட்டத்தின் பெரிய ஓட்டை என்றே கருதுகிறேன்.

இனி உங்கள் வயல் கணக்குக்கு வருவோம். ஏக்கருக்கு ஒரு லிட்டர், 50 சதவீத பியூட்டாக்குளோர் என்பதுதான் வழக்கமான பரிந்துரை. அதில் உண்மையான மருந்து சுமார் 500 கிராம். வயலில் ஓர் அங்குலம், அதாவது 2.5 சென்டிமீட்டர் நீர் நிறுத்தினால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கும். மருந்து முழுவதும் அந்த நீரில் கரைந்ததாக வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 5 மில்லிகிராம். பியூட்டாக்குளோரைச் சாதாக் கெண்டை, புளூகில், டிரவுட் போன்ற மீன்களிடம் சோதித்தபோது, நான்கு நாளில் பாதி மீன்களைக் கொல்லும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் கீழேதான் இருந்தது. அதாவது தூவிய அன்று உங்கள் வயல் நீர் மீனுக்குத் தெளிவான நஞ்சு.

அந்த 5 மில்லிகிராம் அப்படியே நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். பியூட்டாக்குளோர் சேற்றோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும், சில நாட்களில் நீரில் அதன் அளவு வேகமாகக் குறையும். மூன்று நாள் மடையைத் திறக்காதீர்கள் என்று வேளாண் துறையினர் சொல்வது களை சாவதற்காக மட்டும் அல்ல. உங்கள் வயலிலோ மறுநாளே மழை வந்துவிட்டது. ஓர் ஏக்கர் வயல் நீரில் பாதி, அதாவது 250 கிராம் மருந்தைச் சுமந்த நீர், பத்து சென்ட் பரப்பும் நான்கடி ஆழமும் உள்ள குட்டையில் போய் விழுந்தால், அங்கே லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுக்கு வரும். சேறு பிடித்துக்கொண்டதைக் கழித்தால் இன்னும் குறையும். வளர்ந்த மீன் தப்பலாம், குஞ்சுகள் தப்புவது கடினம். நீங்கள் எழுதிய சம்பவத்தோடு இது பொருந்துகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க பிஸ்பைரிபாக் சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 100 மில்லி, அதில் மருந்து 10 கிராம்தான். அதே ஓர் அங்குல நீரில் முழுவதும் கரைந்தாலும் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். மீனைக் கொல்லும் அளவோ 100 மில்லிகிராமுக்கும் மேல். ஆயிரம் மடங்கு இடைவெளி. பைரசோசல்பியூரான் எத்தில், பென்சல்பியூரான் மெத்தில் போன்றவையும் ஏக்கருக்குச் சில கிராம் கணக்கில் போடப்படுபவை. மீன்களின் உடனடிச் சாவைப் பொறுத்தவரை அவற்றிலும் இடைவெளி பெரிது. மறுமுனையில் பெண்டிமெத்தலின் இருக்கிறது. நேரடி விதைப்பு வயல்களில் அதைப் பரவலாக அடிக்கிறார்கள். ரெயின்போ டிரவுட்டுக்கு லிட்டருக்கு 0.138 மில்லிகிராம், புளூகிலுக்கு 0.199 மில்லிகிராம் போதும், பாதி செத்துவிடும். போதாததற்கு அது மீனின் கொழுப்பில் சேரும். ஆகவே "களைக்கொல்லி மீனுக்கு ஆகுமா ஆகாதா" என்று மொத்தமாகக் கேட்டால் பதிலே கிடையாது. எந்த மருந்து, எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் நிறுத்தி வைத்தோம் என்ற நான்கும் தெரிய வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: மருந்தோடு பாட்டிலில் வேறென்ன கலந்திருக்கிறது? கிளைபோசேட் விஷயத்தில் இது நன்றாகத் தெரிந்த கதை. 1979-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் தூய கிளைபோசேட்டையும், கடையில் விற்கும் ரவுண்டப்பையும், அதில் கலக்கும் பரப்பு இழுவிசை குறைப்பானையும் தனித்தனியே மீன்களிடம் சோதித்தார்கள். டிரவுட் மீன்களில் பாதியைக் கொல்லத் தூய கிளைபோசேட் லிட்டருக்கு 140 மில்லிகிராம் தேவைப்பட்டது. ரவுண்டப்பில் 8.3 போதுமானதாக இருந்தது. அந்தக் கலப்புப் பொருள் மட்டும் என்றால் 2 மில்லிகிராம்! இலையில் மருந்து ஒட்டிப் படர வேண்டும் என்பதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருள்தான் மீனின் செவுளைச் சிதைக்கிறது. கொழுப்பிலிருந்து செய்யப்படும் அந்த அமீன் வகைக் கலப்புப் பொருளை 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் கிளைபோசேட்டுடன் சேர்க்கத் தடை செய்தது. அதே ஆய்வு வேறு இரண்டையும் காட்டியது. நீர் சூடாக இருந்தபோது நச்சு கூடியது. முட்டைப் பருவம் ஓரளவு தாங்கியது, பொரித்துக் கருவுணவுப் பையோடு திரியும் குஞ்சும் நீந்தத் தொடங்கும் குஞ்சும்தான் சட்டென்று பலியாயின. டிரவுட் குளிர்நீர் மீன். நம் குட்டைகளோ கோடையில் 30 டிகிரியைத் தாண்டுபவை. வெளிநாட்டு அட்டவணை எண்ணை அப்படியே நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

2,4-டி என்ற களைக்கொல்லியிலும் இதே சங்கதி. சோடியம் உப்பாகவோ அமீன் உப்பாகவோ வரும்போது மீனுக்கு உடனடி ஆபத்து குறைவு. எத்தில் எஸ்டராக வரும்போது கொழுப்பில் கரைந்து செவுள் வழியே எளிதாக உள்ளே போகும், பல மடங்கு நஞ்சு. இரண்டுக்கும் கடையில் ஒரே பெயர்தான். லேபிளில் உள்ள சிறிய எழுத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

சாகாத மீனுக்கு என்ன ஆகிறது என்பதே உண்மையில் பெரிய விஷயம். செத்து மிதப்பதை ஊரே பார்க்கும். மற்றது யார் கண்ணிலும் படாது.

முதல் அடி செவுளில் விழுகிறது. மருந்து பட்ட செவுளின் மெல்லிய தோல் எழும்பி வீங்கும், சளி சுரக்கும், பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் எடுப்பதும் உடலின் உப்புச் சமநிலையைக் காப்பதும் இங்கேதான் நடப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் கெடும். கல்லீரல் நஞ்சை உடைக்கும் வேலையில் இறங்கி, சேமித்து வைத்த சக்தியைச் செலவழிக்கும். தீனி போட்டும் எடை ஏறவில்லை என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பியூட்டாக்குளோரும் 2,4-டியும் கலந்த நீரில் வைத்த கெளுத்தியின் இரத்த அணுக்களில் நுண்கருக்கள் உண்டானதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மரபுப் பொருள் உடைந்து போனதற்கான அடையாளம் அது. பிரேசிலில் நெல் வயல் களைக்கொல்லிகளான குளோமசோன், குவின்குளோராக், மெட்சல்பியூரான் ஆகியவற்றை அங்குள்ள ஒரு கெளுத்தி வகையிடம் சோதித்தபோது, நரம்புச் செய்திகளைக் கட்டுப்படுத்தும் நொதியின் செயல்பாடு மாறியது. அந்த நொதி பூச்சிமருந்தின் குறி என்றுதான் பாடப் புத்தகம் சொல்லும்.

மோப்பமும் போகிறது. மீனுக்கு மோப்பம் என்பது இரை தேடவும் எதிரியை அறியவும் இணையைக் கண்டுபிடிக்கவும் உள்ள வழி. அட்ரசின் கலந்த நீரில் வைத்த ஆண் சால்மன்கள், முட்டையிடத் தயாரான பெண் நீரில் விடும் வேதிச் சைகையை உணரும் திறன் குறைந்துபோனதை பிரிட்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2010-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தார் ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனிடம் செய்த சோதனை என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. லிட்டருக்கு வெறும் 0.5 மைக்ரோகிராம் அட்ரசின் இருந்த தொட்டியிலும் முட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது. அட்ரசினை ஐரோப்பிய ஒன்றியம் 2004-இலேயே விலக்கிவிட்டது. பெரம்பலூர் மக்காச்சோளக் காடுகளில் அது இன்றும் அன்றாட மருந்து.

நோய் எதிர்ப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேசிலில் கிளைபோசேட் பட்ட கெளுத்திகளில் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாயின. பிறகு ஏரோமோனாஸ் பாக்டீரியாவைச் செலுத்தியபோது அவை அதிகமாகச் செத்தன. ஆகவே களைக்கொல்லி அடித்து மூன்று வாரம் கழித்துப் புண்ணோடு மீன் செத்தால் தொடர்பே இருக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும்போது விரால், குரவை, கெண்டை உடம்பில் ஆழமான சிவந்த புண் வந்தால், அது பெரும்பாலும் 1988-இல் இந்தியாவுக்குள் நுழைந்த, பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரியால் வரும் நோய். அதற்கு மருந்துக் கடையைத் திட்டுவதில் பயன் இல்லை; சுண்ணாம்பு போட்டு நீரின் தன்மையைச் சரிசெய்ய வேண்டும்.

மருந்து மீனைத் தொடாமலேயே கொல்லும் வழி ஒன்றும் உண்டு. ஏரியிலோ குட்டையிலோ மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையையும் பாசியையும் மருந்தடித்து ஒரே நாளில் மொத்தமாகச் சாகடித்தால், அத்தனையும் மக்கும்போது பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். ஆக்சிஜன் உண்டாக்கிக்கொண்டிருந்த பாசியும் போய்விட்டது. விடியற்காலையில் மீன்கள் வாயைத் திறந்தபடி மேலே வரும், வெயில் ஏறுவதற்குள் மிதக்கும். மூன்றில் ஒரு பங்குப் பரப்பை மட்டும் அடித்து, பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு அடுத்த பங்கை அடிப்பதுதான் முறை. செத்த செடியை வாரி வெளியே போட்டால் இன்னும் நல்லது.

இரண்டு வகைச் சாவையும் குட்டைக் கரையிலேயே ஓரளவு பிரித்தறியலாம். ஆக்சிஜன் குறைவு என்றால் விடிவதற்கு முன் நடக்கும், பெரிய மீன்கள் முதலில் போகும். காற்றைக் குடிக்கும் விராலும் பனையேறிக் கெண்டையும் தப்பிவிடும். நஞ்சு என்றால் நேரம் காலம் இல்லை. குஞ்சுகள் முதலில் போகும், மீன் சுழன்று சுழன்று நீந்தும், விராலும் விதிவிலக்கு அல்ல. உங்கள் குட்டையில் குஞ்சுகள் மட்டும் போனதால் நஞ்சின் பக்கமே என் சந்தேகம் சாய்கிறது. ஒரு கேள்வி மட்டும்: அதே வாரத்தில் அக்கம்பக்கத்தில் யாராவது சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்து அடித்தார்களா? அந்த வகை லிட்டருக்குச் சில மைக்ரோகிராமிலேயே மீனைக் கொல்லும். திடீர்ச் சாவு என்றால் அதையும் விசாரிக்காமல் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ பள்ளத்தாக்கு நல்ல சாட்சி. அங்கேயும் நெல்தான். 1980-களின் தொடக்கத்தில் மே, ஜூன் மாதங்களில் கொலூசா வடிகாலில் சாதாக் கெண்டைகள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. காரணம் மோலினேட் என்ற நெல் களைக்கொல்லி. கெண்டைக்கு அது இரத்தச்சோகையை உண்டாக்கும். தயோபென்கார்ப் என்ற இன்னொரு மருந்து ஆற்றில் கலந்து சாக்ரமென்டோ நகரத்தின் குடிநீரையே கசக்க வைத்தது. நகரத்துக்காரர்கள் நாக்கில் கசப்புப் பட்ட பிறகுதான் அரசு வேகமெடுத்தது என்று நினைக்கிறேன், எங்கும் அப்படித்தான். மருந்தைத் தடை செய்யவில்லை. மருந்து போட்ட வயல் நீரை இத்தனை நாள் வெளியே விடக்கூடாது என்று விதி போட்டார்கள். சில நாட்களில் தொடங்கிய அந்தக் கெடு, 1990-களில் மோலினேட்டுக்கு 28 நாள் வரை நீண்டது. ஆற்றில் சேர்ந்த மருந்தின் அளவு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. கெண்டை மிதப்பதும் நின்றது. ஜப்பானிலும் நெல் களைக்கொல்லி போட்டால் ஏழு நாள் நீரைப் பிடித்து வைக்க வேண்டும்.

காவிரிப் படுகையில் இதை அப்படியே செய்துவிட முடியாது. கலிபோர்னியாவில் ஒவ்வொரு வயலுக்கும் தனி மதகு, சமதள மட்டம், கோடையில் மழையே கிடையாது. நமக்கோ வயலுக்கு வயல் பாயும் பாசனம். மேல்வயல்காரர் மடையைத் திறந்தால் உங்கள் மருந்தும் கிளம்பிவிடும். சம்பா நடவும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. புதுத் தண்ணீர் வந்ததும் கெண்டையும் விராலும் பனையேறியும் வாய்க்கால் வழியாக வயலுக்கு ஏறி முட்டையிடுவதும் அதே வாரங்களில்தான். களைக்கொல்லி போடும் நாட்களும் குஞ்சு பொரிக்கும் நாட்களும் இப்படிச் சரியாக மோதிக்கொள்வது நம் ஊரின் துரதிர்ஷ்டம். வயலில் அயிரையும் கெண்டையும் குறைந்துவிட்டன என்று பெரியவர்கள் சொல்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. இதையும் அவற்றோடு சேர்க்கத் தயங்க மாட்டேன்.

உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன் என்றால், முதலில் வடிகாலைக் குட்டைக்குள் விடாமல் ஒரு பி.வி.சி. குழாய் வைத்துச் சுற்றி வெளியே திருப்பிவிடுவேன். மருந்து போட்ட பத்துப் பதினைந்து நாளைக்கு மட்டும் அப்படித் திருப்பினாலே போதும். குட்டைக் கரையை வயல் வரப்பைவிட ஓரடி உயர்த்துவேன். நான்கு நாளுக்குள் கனமழை அறிவிப்பு இருந்தால் பியூட்டாக்குளோரைத் தொடவே மாட்டேன். இரண்டு வாரம் பொறுத்து பிஸ்பைரிபாக் அடிப்பேன், அல்லது வரிசை நடவாக இருந்தால் கையால் தள்ளும் களையெடுப்புக் கருவியான கோனோவீடரை ஓட்டுவேன். வயலுக்குள்ளேயே மீன் வளர்ப்பவர்கள் களைக்கொல்லியை மறந்துவிடுவது நல்லது. குஞ்சு விடுவதை மருந்து போட்டு ஒரு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம். தெளிப்பானையும் காலி பாட்டிலையும் வாய்க்காலில் கழுவும் பழக்கத்தை இன்றே விட வேண்டும். மிச்சமிருக்கும் 100 மில்லி பியூட்டாக்குளோர், 1 லட்சம் லிட்டர் நீரை லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுக்குக் கெடுக்கப் போதுமானது.

அரசு தடை செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பியூட்டாக்குளோர் வகையைச் சேர்ந்த அலாக்குளோர் 2020 இறுதியோடு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட வரைவு ஆணையில் தடைக்கென்று குறிக்கப்பட்ட 27 மருந்துகளில் பியூட்டாக்குளோர், பெண்டிமெத்தலின், 2,4-டி, அட்ரசின் எல்லாம் இருந்தன. 2023-இல் இறுதி ஆணை வந்தபோது இவை நான்கும் அதில் இல்லை.

கடைசியாக, சாப்பிடுவது பற்றி. செத்து மிதந்த மீனை எந்தக் காரணத்துக்காகவும் சமைக்காதீர்கள், கோழிக்கும் பன்றிக்கும் போடாதீர்கள், ஆழமாகப் புதையுங்கள். உயிரோடு நன்றாக நீந்தும் மீனை உடனே பிடித்து விற்காமல், புது நீர் விட்டுப் பழைய நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, குறைந்தது மூன்று நான்கு வாரம் வைத்திருங்கள். பியூட்டாக்குளோர், கிளைபோசேட், 2,4-டி போன்றவற்றை மீனின் உடல் பெரும்பாலும் நாட்கணக்கில் வெளியேற்றிவிடும். பெண்டிமெத்தலின் பட்டிருந்தால் இன்னும் கூடுதலாகப் பொறுங்கள், குடலையும் கொழுப்பையும் நீக்கிவிட்டுச் சமையுங்கள். 2,4-டி என்றதும் வியட்நாம் போரின் டையாக்சின் கதையைச் சிலர் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அந்த டையாக்சின் முக்கியமாக அங்கே அதோடு கலந்து தெளித்த 2,4,5-டியில் வந்த மாசு.

மறுபடி நடந்தால் நேரத்தை வீணாக்காதீர்கள். செத்து நாறிய மீன் ஆய்வகத்துக்கு உதவாது. தள்ளாடிக்கொண்டிருக்கும் மீன் நான்கைந்தைப் பிடித்துத் தனித்தனி உறையில் பனிக்கட்டியில் வையுங்கள். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் குட்டை நீரும், வடிகால் விழும் இடத்து நீரும் விளிம்பு வரை நிரப்பி, வெளிச்சம் படாமல் தாளில் சுற்றுங்கள். மருந்தின் பெயர், போட்ட நாள், மழை பெய்த நேரம் ஆகியவற்றை எழுதி, அன்றே மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ கொண்டுபோய்க் கொடுங்கள்.